தூங்கிய கணினி ஏன் எழவில்லை?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



போன மாதம் சங்கச் செயலாளர் ஃபோன் செய்தார். "நீ கம்ப்யூட்டர்ல என்னமோ வேலை பாக்கியே, அது என்னன்னு யாருக்கும் இதுவரை புரியல. இந்த வருஷம் மேடையில ஏறி அதைச் சொல்லிரு" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. ஏனென்றால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தப்பு நடந்த வீடு இந்தப் புளியங்குடியில்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் இன்று இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் இங்கே இயற்பியல் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் அறை என்பது கோயில் கருவறை மாதிரி. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் தூங்கும், எழும்பும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோன் நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் பலமுறை தூங்கி எழுந்திருக்கும். அந்த ஃபோனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். என் வேலை அந்தக் கெர்னலில்தான்.

கெர்னல் என்றால் என்ன? கம்ப்யூட்டரில் நீங்கள் பார்க்கும் எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு, இரும்புச் சாமான்களை ஆட்டிப் படைக்கும் நிர்வாகி. விசைப்பலகை, திரை, டிஸ்க், வைஃபை கார்டு ஒவ்வொன்றுக்கும் அதனிடம் ஒரு ஆள் உண்டு. அந்த ஆளுக்குப் பெயர் டிரைவர். இந்த டிரைவர்கள் எல்லோரும் ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக எழுந்தால்தான் உங்கள் மடிக்கணினி மூடியைத் திறந்ததும் விழிக்கும். ஒரே ஒருத்தர் மக்கர் பண்ணினால் போதும், மொத்த வண்டியும் நின்றுவிடும்.

நடந்த கதை

2012-ஆம் வருஷத்து மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் என் அக்கா மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அத்தான் ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். "இது ஓசி, வைரஸ் வராது, நல்லா ஓடும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஒரு பிள்ளை என்ன செய்யும்? பேட்டரியைக் காப்பாற்றப் பார்க்கும். கொஞ்ச நேரம் எழுதுவாள், மூடியை மூடுவாள், அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டு வந்து திறப்பாள். சில நாள் விழிக்கும். சில நாள் விழிக்காது. திரை கறுப்பாகவே கிடக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட வேண்டும். அப்படிப் போட்டால் சேமிக்காமல் வைத்திருந்ததெல்லாம் போச்சு. புராஜெக்ட் அறிக்கையில் ஒரு அத்தியாயம் முழுதாக அப்படித்தான் போனது.

எனக்கு ஃபோன் வந்தது. "மாமா, கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்கு."

நான் அப்போது அலுவலகத்தில் ஏதோ அவசரத்தில் இருந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பழைய மெஷின்தானே, மெமரி போயிருக்கும். இல்லன்னா போர்டு போயிருக்கும். கடையில கொடுத்துப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கெர்னலில் வேலை பார்க்கிற மாமா சொன்னால் வீட்டில் மறுபேச்சு ஏது? கடையில் கொடுத்தார்கள். மெமரியை மாற்றினார்கள். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். மகளின் படிப்புச் செலவும் சேர்ந்துவந்த மாதம் அது. அக்கா கம்மலை அடகு வைத்துக் கொடுத்தாள். எனக்கு அது அப்போது தெரியாது.

புது மெமரி போட்டு வந்த மறுநாளே மூடியை மூடித் திறந்தாள். திரை கறுப்பு.

இரண்டாவது தடவை ஃபோன் வந்தபோது பேசினது அக்கா. திட்டவில்லை. "ஏம்பா, நீ சொன்னபடியே செஞ்சோம், சரியாகலையே" என்று மட்டும் சொன்னாள். கம்மல் விஷயத்தையும் அன்றைக்குத்தான் சொன்னாள். அன்று ராத்திரி பத்து மணிக்குக் கரண்டு வந்ததும் கூப்பிடச் சொன்னேன். அவள் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அன்றுதான் கேட்டேன்.

கடையை எடுத்து வைப்பது

அந்தக் கேள்விகளைச் சொல்வதற்கு முன், மூடியை மூடினால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் எலுமிச்சை கமிஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கடையை எப்படி அடைப்பார்கள்? முதலில் அன்றைய கணக்கைப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பிறகு வேலையாட்களை நிறுத்துவார்கள். தராசை எடுத்து வைப்பார்கள், சாக்குகளை உள்ளே தள்ளுவார்கள். விளக்குகளை அணைப்பார்கள். கடைசியாகப் பூட்டு. காலையில் திறக்கும்போது இதே வரிசை தலைகீழ். பூட்டைத் திறக்காமல் விளக்கைப் போட முடியாது. விளக்கு இல்லாமல் தராசைத் தேட முடியாது.

கெர்னலும் இப்படித்தான். முதலில் டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி முடிக்கும். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை அப்படி அப்படியே உறைய வைக்கும். இதற்குச் சாதாரணமாக 20 விநாடி கெடு. அதற்குள் ஒரு நிரல் உறையாவிட்டால் தூக்கமே ரத்து. அடுத்தது சாதனங்கள். ஒரு சாதனம் இன்னொன்றைத் தொங்கிக்கொண்டிருந்தால், தொங்குவது முதலில் தூங்க வேண்டும், தாங்குவது பிறகு. யுஎஸ்பி மவுஸ் தூங்கிய பிறகுதான் யுஎஸ்பி கன்ட்ரோலர் தூங்கலாம். விழிக்கும்போது கன்ட்ரோலர் முதலில். பிறகு பயாஸ் சம்பந்தப்பட்ட ஏற்பாடுகள். அதற்குப் பிறகு, பல செயலிகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தும். கடைசியாக பயாஸிடம் சாவியைக் கொடுத்துவிடும். மெமரிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஓடும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். இதற்குத்தான் எஸ்-3 என்று பெயர். மெமரியில் இருப்பதையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைவது எஸ்-4, ஹைபர்னேட் என்பார்கள்.

இந்த எஸ் எண்கள் எல்லாம் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ என்ற விதிமுறையில் வருகின்றன. அதற்கு முன்னால் 1992-இல் வந்த ஏபிஎம் முறையில் தூங்க வைக்கும் வேலையைப் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொண்டது. ஏசிபிஐ வந்த பிறகு அந்தப் பொறுப்பு கெர்னலின் தலையில் விழுந்தது. பொறுப்பு வந்தால் பழியும் வரும்தானே.

முதல் கேள்வி: எந்த வியாதி?

"தூங்கி எழ மாட்டேங்குது" என்று ஒரே வரியில் சொல்வதற்குள் நாலு வேறு வேறு வியாதிகள் இருக்கின்றன. ஒன்று, தூங்கவே மறுப்பது. இரண்டு, தூங்கின அடுத்த நிமிஷமே தானாக விழித்துக்கொள்வது. மூன்று, விழித்துவிட்டது, ஆனால் திரை மட்டும் வரவில்லை. நாலு, உண்மையிலேயே விழிக்கவில்லை. வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு. வயிற்றுவலி என்று வந்தவனுக்கெல்லாம் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியரிடம் நீங்கள் போவீர்களா? நான் அன்றைக்கு ஃபோனில் செய்தது அதைத்தான்.

மூன்றையும் நாலையும் பிரிப்பதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. திரை கறுப்பாக இருக்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. கோளாறு திரைப் பக்கம். விளக்கு அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளேயே எங்கோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். அருகில் இன்னொரு கணினி இருந்தால் வலைப்பின்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

அக்கா மகள் அழுத்திப் பார்த்தாள். "மாமா, லைட் எரியல." நோட்டில் முதல் வரி: "கேப்ஸ் லாக் இல்லை."

இரண்டாவது கேள்வி: எந்தப் படியில்?

கெர்னலில் சிஸ் என்ற அடைவுக்குள் பவர் என்று ஒன்று இருக்கும். அதற்குள் பிஎம் டெஸ்ட் என்ற சின்னக் கோப்பு. தூக்கத்துக்கான சோதனை வசதியோடு கட்டப்பட்ட கெர்னலில் இது இருக்கும். இதில் ஐந்து சொற்களில் ஒன்றை எழுதலாம்: ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர். எழுதிவிட்டுத் தூங்கச் சொன்னால், கெர்னல் அந்தப் படி வரைக்கும் போய், ஐந்து விநாடி நின்று, திரும்பி வந்துவிடும். ஃப்ரீசர் என்றால் நிரல்களை உறைய வைப்பதோடு சரி. டிவைசஸ் என்றால் சாதனங்கள் வரை. இப்படி ஒவ்வொரு படியாக ஆழம் பார்க்கலாம். கிணற்றில் இறங்குகிறவன் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றிப் பார்ப்பது மாதிரி.

எந்தப் படியில் கோளாறு வருகிறதோ அதற்கு முந்தின படி நல்ல படி. இரண்டுக்கும் நடுவில்தான் குற்றவாளி. டிவைசஸ் படியில் நின்றுவிட்டால், ஏற்றியிருக்கும் டிரைவர் மாட்யூல்களில் பாதியை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். சரியாகிவிட்டால் இறக்கின பாதியில் கோளாறு. சரியாகாவிட்டால் மிச்சப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால், நூறு மாட்யூல் இருந்தாலும் ஏழு தடவையில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை உங்களில் பலர் அல்காரிதம் வகுப்பில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு மட்டும் உள்ளது என்று நினைத்திருப்பீர்கள்.

ஒவ்வொரு படியையும் பத்துப் பத்து தடவை செய்யச் சொன்னேன். ஏனென்றால் அவளுடைய கோளாறு சில நாள் வரும், சில நாள் வராது. ஒரு தடவை நன்றாக விழித்ததை வைத்து அந்தப் படி நல்ல படி என்று முடிவு கட்டக் கூடாது. அவள் நோட்டில் கட்டம் போட்டு டிக் அடித்தாள். ஐந்து படி, ஐம்பது டிக். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் உண்மையாகவே தூங்கவைத்தபோது நாலாவது தடவையிலேயே போய்விட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சோதனைப் படிகளில் எந்தச் சாதனமும் மின்சாரத்தை முழுக்க இழப்பதில்லை. நிஜத் தூக்கத்தில் இழக்கிறது. அப்படியானால் மின்சாரம் போய் வந்த பிறகு தன் பழைய நிலையைச் சரியாக மீட்டுக்கொள்ளாத ஒரு டிரைவர் உள்ளே இருக்கலாம். அல்லது பயாஸில் கோளாறு இருக்கலாம். இரண்டில் எது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். மெமரியின் மேல் நான் போட்ட பழிக்கு மட்டும் இதுவரை ஒரு சாட்சியும் இல்லை. மெமரியை மாற்றியும் கோளாறு அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது கேள்வி: கடைசியாக யார் பேசினது?

இங்கேதான் பெரிய சிக்கல். விழிக்கும் நேரத்தில் கெர்னல் விழுந்துவிட்டால், எங்கே விழுந்தது என்று எப்படித் தெரிவது? திரை இல்லை. டிஸ்க் இன்னும் எழவில்லை, எழுதி வைக்க முடியாது. நெட்வொர்க் இல்லை. பவரை அணைத்துப் போட்டால் மெமரியில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். சாட்சி சொல்ல ஆளே இல்லாத கொலைக் கேஸ் மாதிரி.

இதற்கு 2006-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். கணினிக்குள் அணைத்தாலும் சாகாத ஒரு பொருள் இருக்கிறது. பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரம், ஆர்டிசி. விழிக்கும்போது ஒவ்வொரு சாதனத்தையும் தொடுவதற்கு முன், "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்ற அடையாளத்தை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைத் தேதியாக அந்தக் கடிகாரத்தில் எழுதி வைத்துவிடுவது. அதற்குப் பெயர் பிஎம் டிரேஸ்.

கணக்குப் பிரியர்களுக்காக ஒரு நிமிஷம். வருஷம் 100, மாதம் 12, நாள் 28, மணி 24, நிமிஷத்தை மூன்று மூன்றாக எடுத்தால் 20. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 கோடியே 61 லட்சத்து 28 ஆயிரம். அவ்வளவு வேறு வேறு எண்களை ஒரு கடிகாரத்தில் ஒளித்து வைக்கலாம். நிமிஷத்தை ஏன் மூன்று மூன்றாக எடுத்தார்? நீங்கள் பவரை அணைத்துப் போட்டு, கெர்னல் திரும்ப வந்து படிக்கும் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்குமே. அதற்குத்தான் அந்த மூன்று நிமிஷ இடைவெளி. அதனால் இந்தச் சோதனையில் போய்விட்டால் டீ குடிக்கப் போகக் கூடாது, உடனே அணைத்துப் போட வேண்டும். அடுத்த துவக்கத்தில் கெர்னல் அந்தத் தேதியைத் திரும்ப எண்ணாக்கி, எந்தச் சாதனத்தோடு அது பொருந்துகிறது என்று தன் பதிவேட்டில் எழுதிவிடும்.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. கடிகாரத்தில் தேதி கண்டபடி மாறிப்போகும். முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன். "மாமா, கம்ப்யூட்டர் ஏதோ சம்பந்தமே இல்லாத வருஷத்தைக் காட்டுது, நான் எதையும் தொடலை" என்று பதறிப்போனாள். பயப்படாதே, அதுதான் நமக்கு வேண்டிய கடிதம் என்றேன்.

பதிவேட்டில் இரண்டு சாதனங்கள் பொருந்தின. இப்படி வருவது உண்டு. சாதனங்களின் பெயரை ஓர் எண்ணாகச் சுருக்கும்போது இரண்டு பெயருக்கு ஒரே எண் விழலாம். அதனால் இதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, துப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வைஃபை கார்டு.

வைஃபை டிரைவரை இறக்கிவிட்டு இருபது தடவை தூங்கவைக்கச் சொன்னேன். ஆர்டிசி கடிகாரத்துக்கே அலாரம் வைத்துத் தானாக எழுப்பும் ஆர்டிசி வேக் என்ற கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் மூடியைத் திறந்து மூடிக் கை வலிக்காது. இருபதும் விழித்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டிரைவரைத் திரும்ப ஏற்றி மறுபடி பார் என்றேன். மூன்றாவதில் போனது. எடுத்தால் நிற்கிறது, வைத்தால் வருகிறது. இப்போதுதான் குற்றவாளி இவன் என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. அப்போது ராத்திரி ஒன்றரை மணி. அடுத்த கரண்டு கட்டுக்கு இன்னும் அரை மணி இருந்தது.

தூங்குவதற்கு முன் அந்த டிரைவரைத் தானாக இறக்கி, விழித்ததும் ஏற்றும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். தற்காலிக மருந்து அது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பென் டிரைவில் புதிய கெர்னல் கொண்டுவந்து போட்டேன். அதில் அந்தக் கோளாறே இல்லை. எங்கோ யாரோ ஒருவர் இதே கார்டோடு அல்லாடி, ஒழுங்காக எழுதி அனுப்பி, அது திருத்தப்பட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதாவது, நான் ஃபோனில் மெமரி போச்சு என்று சொன்ன அன்றைக்கே விடை உலகத்தில் இருந்தது. இலவசமாக இருந்தது. நான் தேடவில்லை. அதற்கு அக்காவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

கம்மலை நான் மீட்டுக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். போன அத்தியாயத்தை அவள் மகள் இரண்டு ராத்திரி விழித்து மறுபடி எழுதினாள். அதை நான் மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

இன்றைய நிலை

இது பழைய கதை, இப்போதெல்லாம் இப்படி வருமா என்று கேட்பீர்கள். வேறு மாதிரி வருகிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்-3 தூக்கமே கிடையாது. எஸ்-டு-ஐடில் என்ற லேசான தூக்கம்தான். செயலியும் சாதனங்களும் சும்மா இருந்தபடியே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு சாதனம் அடங்காமல் இருந்தால் கணினி தூங்குகிற மாதிரி நடிக்கும். காலையில் பையைத் திறந்தால் சூடாக இருக்கும், பேட்டரி காலி. சிஸ், பவர் அடைவிலேயே மெம் ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். டீப் என்று இருந்தால் எஸ்-3 உண்டு. எஸ்-டு-ஐடில் மட்டும் இருந்தால் இதுதான் உங்கள் வகை. தானாக விழித்துக்கொள்ளும் வியாதிக்கு, பிராக் அடைவில் ஏசிபிஐக்குள் இருக்கும் வேக்கப் கோப்பு யார் யாருக்கு எழுப்பும் அதிகாரம் இருக்கிறது என்று காட்டும். தூங்கப் போய்த் தோற்ற கணக்கு சஸ்பெண்ட் ஸ்டேட்ஸ் என்பதில் இருக்கும்; கடைசியாகத் தகராறு செய்த சாதனத்தின் பெயரோடு இருக்கும்.

போன வெளியீட்டில் நன்றாக ஓடியது, இந்த வெளியீட்டில் போய்விட்டது என்றால் இன்னும் சுலபம். இரண்டு வெளியீட்டுக்கும் நடுவில் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் இருக்கும். கிட் பைசெக்ட் என்ற கட்டளையில் அதே பாதி பாதி முறையில் போனால் சுமார் பதினான்கு தடவை கட்டி ஓட்டிப் பார்த்து ஒரே ஒரு மாற்றத்தைச் சுட்டிக் காட்டிவிடலாம். அதற்கு மேதாவித்தனம் வேண்டாம். பொறுமை வேண்டும், நோட்டு வேண்டும்.

மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, இதெல்லாம் அமெரிக்காவில் யாரோ செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். இந்தப் பகுதியைப் பல வருஷமாகப் பராமரித்து வரும் ரஃபேல் வைசாக்கி போலந்துக்காரர். ஹைபர்னேட் பகுதியில் நெடுங்காலம் உழைத்த பாவெல் மாஹெக் செக் நாட்டுக்காரர். தூக்கத்துக்கும் செயலிகளை நிறுத்துவதற்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கும் ஆவணம் ஒன்று கெர்னலோடு வருகிறது. அதை 2011-இல் எழுதத் தொடங்கியவர் அப்போது ஐபிஎம்மில் இருந்த ஸ்ரீவத்ஸா எஸ். பட். பெயரைப் பார்த்தாலே நம் நாட்டுப் பெயர் என்று தெரியும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அவற்றுள் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி வந்த கணினிகள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுப் பரணில் இன்றைக்கும் கிடக்கும். அதில் எதையாவது தைரியமாகத் தூக்கி வைத்துப் பழகுங்கள்.

கோளாறு கண்டுபிடித்தால் எழுதி அனுப்புங்கள். எந்த மாடல், எந்த கெர்னல், முன்பு எந்தக் கெர்னலில் நன்றாக இருந்தது, எந்தப் படியில் போகிறது, பத்தில் எத்தனை தடவை. இந்த ஐந்தையும் எழுதினால் போதும். இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். "எழ மாட்டேங்குது, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று மட்டும் எழுதினால் பதிலே வராது. அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

என்னோடு படித்த நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் ஊரைவிட்டுப் போய் ஏதோ ஒரு துறையில் நாலு விஷயம் தெரிந்துகொண்டோம். ஊரிலிருந்து ஃபோன் வரும். கணினியோ, நிலப் பத்திரமோ, மருத்துவ அறிக்கையோ எதைப் பற்றியாவது கேட்பார்கள். நாம் சொல்வதை அப்படியே நம்பிக் காசை எடுப்பார்கள், நகையை எடுப்பார்கள். தெரியாவிட்டால் "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்ல நமக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது? நான் அன்றைக்கு இரண்டு நிமிஷம் செலவழித்து, கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார் என்று சொல்லியிருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பணத்தில் ஆய்வகத்துக்குப் புதுக் கணினி வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். கூடவே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் கிடக்கும் பழைய மடிக்கணினிகளில் ஐந்தாறைச் சேகரித்து ஒரு மேசையில் போடுவோம். "இதை உடைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று மேலே எழுதி ஒட்டுவோம். பிள்ளைகள் அதைத் தூங்கவைக்கட்டும், எழுப்பட்டும், எழாமல் போனால் காரணம் தேடட்டும். முதல் மடிக்கணினியை நான் இன்றே கொண்டுவந்திருக்கிறேன். என் அக்கா மகள் கொடுத்தனுப்பியது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரில் போட்டால் ஓடும். மூடியை மூடித் திறந்தால் விழிக்கும். நேற்று ராத்திரியும் இருபது தடவை பார்த்துவிட்டேன். அதோடு அந்த நாற்பது பக்க நோட்டையும் வைத்திருக்கிறேன். எப்படிக் கணக்கு எழுத வேண்டும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.